அரை மாத்திரை

ஜூலை 2, 2025, புதன்

என் எண் திரையில் வந்தபோது எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை அழைக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த மலாய்க்கார அம்மா என் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்து முழங்கையால் இடித்தார். எழுந்தேன்.

பலதுறை மருந்தகத்து டாக்டர் சின்னப் பெண். ஒரு தாளைக் கொடுத்தார். 9 கேள்விகள். கடந்த 2 வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும். படிவம் நிரப்புவதுதான் என் பிழைப்பு, மளமளவென்று போனேன். ஒன்பதாவதில் பேனா நின்றது. 0 போட்டு, அடித்து, 1 போட்டேன். அவர் கண் அடித்திருந்த இடத்தில்தான் முதலில் போய் நின்றது.

சுற்றி வளைக்காமல் கேட்டார். ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்று திட்டம் இருக்கிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள். திட்டமெல்லாம் இல்லை. அது உண்மை. காலையில் கண் விழிக்காமலே இருந்தால் தேவலை என்று இருக்கும், அவ்வளவுதான். கூட்டினால் 16. பாஸா ஃபெயிலா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. 27க்கு 16.

மனச்சோர்வுக்கு செர்ட்ரலின். முதல் வாரம் அரை மாத்திரை, அப்புறம் ஒன்று. வேலை செய்ய 2லிருந்து 4 வாரம் ஆகும், அதுவரை வயிறு மட்டும் தகராறு செய்யும், நீங்களாக நிறுத்தக் கூடாது. இதே இடத்தில் உளவியலாளர் 29ஆம் தேதி. அதற்கு மேல் புவாங்கோக் மனநல மருத்துவமனைக்கு ஒரு கடிதம், அது ஆகஸ்ட் 22.

ஆகஸ்ட் 22 வரை என்ன செய்வது என்று கேட்கத் தோன்றவில்லை. பேருந்தில் தோன்றியது.

ஜூலை 3, வியாழன்

அம்மாவிடம் வாயு மாத்திரை என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 5, சனி

காய் வெட்டும் கத்தியால் மாத்திரையை வெட்டினால் ஒரு பாதி அடுப்புக்குக் கீழே ஓடுகிறது. மண்டியிட்டுத் தேடி எடுத்து, ஊதிவிட்டு விழுங்கினேன். 41 வயது.

பள்ளியில் தமிழாசிரியர் விரலைச் சொடுக்கிக் காட்டுவார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. மெய்க்கு அரை மாத்திரை! முப்பது வருஷம் கழித்து எனக்கே வந்து சேர்ந்திருக்கிறது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. தம்பிக்கு அனுப்பலாம், ஆனால் முதலில் மாத்திரை எதற்கு என்று சொல்ல வேண்டும்.

சாயங்காலம் சிங்கப்பூர் தேசிய தின ஒத்திகை விமானங்கள். முதல் சத்தத்திலேயே கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வயிறு என்று அம்மா நினைத்துக்கொண்டார். பாதி அதுவும்தான்.

ஜூலை 8, செவ்வாய்

ராத்திரி 2.40. மேல்வீட்டில் குண்டு உருள்கிறது. டொக், டொக், டொக்டொக்டொக், அப்புறம் ஒரு நீள உருட்டல். வீவக அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். குழாயில் தண்ணீர் முட்டும் சத்தம் என்கிறார்கள். இருக்கட்டும். எனக்கு அது யாரோ எதையோ நழுவவிட்டு, அது படியில் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம்.

படி.

இந்த மாதிரி நேரத்தில் கப்பல் கொள்கலன் எண் சரிபார்ப்பேன். 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துக்கு எண்மதிப்பு உண்டு, A என்றால் 10, அங்கிருந்து 11, 22, 33 மூன்றையும் விட்டுவிட்டு ஏறும். முதலாவதை 1ஆல், அடுத்ததை 2ஆல், 4, 8, 16 என்று பத்தாவதை 512ஆல் பெருக்கிக் கூட்டி 11ஆல் வகுத்தால் மிச்சம் கடைசி இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். இதெல்லாம் கணினியே பார்த்துவிடும். பகலில் யாரும் மனக்கணக்காகப் போடுவதில்லை. நான் இருட்டில் போடுகிறேன். 64ஆல் பெருக்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் தப்பிவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து.

ஜூலை 9, புதன்

முழு மாத்திரை. நாள் பூராவும் கொட்டாவி. மேலாளர் பார்த்துவிட்டார்.

ஜூலை 12, சனி

மெடிசேவிலிருந்து, அதாவது என் கட்டாய மருத்துவச் சேமிப்பிலிருந்து, கழித்தார்கள். இந்த நோயும் நாள்பட்ட நோய்ப் பட்டியலில், நீரிழிவு, ரத்தக்கொதிப்போடு பந்தியில் உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுக்கு 500 வெள்ளி வரை எடுக்கலாம், ஒவ்வொரு பில்லிலும் 15 விழுக்காடு கைக்காசு. அப்பாவுக்கு ரத்தக்கொதிப்புக்கு இதே கணக்கை நான்தான் விளக்கினேன். மூன்று முறை. நான்காவது முறை எரிந்து விழுந்தேன்.

எம்.சி. (டாக்டர் தரும் விடுப்புச் சான்றிதழ்) பற்றி யோசித்தே சனிக்கிழமை போனது. ஆகஸ்ட் 22க்கு எந்தத் தலைப்பு போட்ட தாளைக் கொடுப்பார்கள்? தாளின் மூலையை மட்டும் மடித்துப் படம் எடுத்து அனுப்பலாமா? விடுப்பாகவே போட்டுவிடலாமா? 2020இலிருந்து வேலை விண்ணப்பத்தில் மனநோய் உண்டா என்று கேட்கக் கூடாது என்றாகிவிட்டது. அது வேலைக்குச் சேருகிறவர்களுக்கு. உள்ளே இருக்கிறவளை, பக்கத்து மேசைக்காரி கேட்க எந்த விதி தடுக்கும்? "என்னக்கா, எதுக்கு லீவு?"

ஜூலை 15, செவ்வாய்

குடை இன்னும் கேட் கம்பியில்தான் தொங்குகிறது. யாரும் தொடவில்லை.

ஜூலை 18, ஆடி வெள்ளி

அம்மா கோயிலுக்குப் போய்க் கூழ் வாங்கி வந்தார். பச்சை மிளகாய், சின்ன வெங்காயம். நான்கு வாய் உள்ளே போனது. போன மாதம் இது நடந்திருக்காது.

அப்புறம் என்னை உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் மூன்று சுற்று சுற்றினார். "எவ கண்ணோ பட்டிருக்குடி. உங்கப்பா போனதுலருந்து நீ நீயா இல்ல." மிளகாய் நெடி வரவில்லை என்றால் கண்ணேறு பெரிசு என்று அர்த்தம். வரவில்லை. அம்மாவுக்கு வெற்றி.

புவாங்கோக் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. இந்த வீட்டில் அந்த இடத்துக்கு உட்பிரிட்ஜ் என்றுதான் பெயர். "ஒழுங்கா படிக்கல, உட்பிரிட்ஜுல கொண்டுபோய் விட்டுருவேன்." தம்பிக்கும் எனக்கும் அதுதான் பூச்சாண்டி. பக்கத்தில் ஒரு மரப்பாலம் இருந்ததாம், அதை வைத்து 1951இல் வந்த பெயர். 1993இல் புவாங்கோக்குக்கு இடம் மாறி மனநலக் கழகம் ஆனது. நான் அப்போது தொடக்கநிலை 3. பூச்சாண்டிக்கு மட்டும் யாரும் பெயர் மாற்றவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

1771, மனநல உதவி எண். ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள். போன மாதம்தான் தொடங்கினார்கள், ரயிலில் விளம்பரம் பார்த்தேன். ஒரு தடவை அடித்து, மணி போவதற்குள் வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை பேசினேன். ஒரு பையன் குரல். என்ன பேசினேன் என்று பாதி ஞாபகம் இல்லை, மேல்வீட்டுக் குண்டைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். அவன் வீட்டிலும் கேட்குமாம்.

ஜூலை 24, ஆடி அமாவாசை

அப்பாவுக்குப் படையல். வாழைக்காய், பாகற்காய், எள்ளுருண்டை. மீன் இல்லாமல் அப்பா சாப்பிடமாட்டார், இன்றைக்குப் பார்த்து மீன் ஆகாது. தம்பி பெர்த்திலிருந்து வீடியோவில் கும்பிட்டான்.

காக்கைக்கு வைக்க வேண்டும். இங்கே காட்டுப் பறவைக்குச் சோறு வைத்தால் அபராதம். அம்மா காரிடாரில் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, பூந்தொட்டிக்குப் பின்னால் இலைத்துண்டில் ஒரு கவளம் வைத்தார். நான் லிஃப்ட் பக்கம் காவல். மைனாதான் வந்தது, இரண்டு. "மைனாவுல வருவாரா?" என்று கேட்டேன். அம்மா முறைத்தார், அப்புறம் அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், சத்தம் போட்டு. உடனே பயமாகிவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

உளவியலாளர் சீனர், என் வயது இருக்கும். ஐம்பது நிமிஷம். எல்லாம் ஆங்கிலத்தில். அருமையாகச் சொன்னேன். தேதிவாரியாக, காரண காரியத்தோடு, அலுவலகத்துக்கு அறிக்கை கொடுப்பது மாதிரி. கேட்பவருக்குக் குழப்பமே வந்திருக்காது. வெளியே வந்து கோப்பி குடிக்கும்போதுதான் உறைத்தது, யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறேன்.

கொள்கலன் கணக்கைப் பற்றி மட்டும் நிறையக் கேட்டார். அந்த நேரத்தில் எதை யோசிக்காமல் இருக்க உதவுகிறது என்றார். தெரியாது என்றேன். தெரியும்.

ஜூலை 30, புதன்

தெரியும்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

அம்மா மாத்திரை உறையை எடுத்துக்கொண்டு கீழ்மாடி மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார். நாட்டின் 60ஆம் ஆண்டுக்கு அரசாங்கம் கொடுத்த தன் 800 வெள்ளி எஸ்ஜி60 பற்றுச்சீட்டில் எனக்கும் வாயு மாத்திரை வாங்கித் தரலாம் என்று! கடைக்காரர் என்ன சொன்னாரோ. வந்து தேங்காய் துருவினார். ஒரு முழு மூடி துருவி முடிக்கும்வரை பேசவில்லை.

"தூக்கத்துக்கா?"

"இல்லம்மா. மனசுக்கு."

"மனசுக்கு மாத்திரையா." கேள்வியாகக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

புவாங்கோக்கையும் சொல்லிவிட்டேன். துருவலைத் திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருந்தார். தேங்காய் சாதத்தில் அன்றைக்கு உப்பே இல்லை. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 6, புதன்

அலுவலகத்தில் மோசம். ஒரு இலக்கம் மாறிப்போன கப்பல் ரசீது, என்னுடையது இல்லை, ஆனாலும் கை நடுங்கியது. கழிப்பறையில் 20 நிமிஷம். மாத்திரை வேலை செய்கிறது என்று எவன் சொன்னான்.

ஆகஸ்ட் 9, சனி

விமானங்கள். காரிடாரில் நின்று பார்த்தேன். காதைப் பொத்திக்கொண்டுதான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

உளவியலாளரிடம் இரண்டாவது தடவை. அதே தாள், 11. எனக்கு நம்பிக்கை இல்லை.

மறுபடியும் அறிக்கை வாசிக்க ஆரம்பித்தேன். நடுவில் நிறுத்தி, வீட்டில் எந்த மொழி என்று கேட்டார். சொன்னேன். அப்படியென்றால் அந்த ஒரு காலையை மட்டும் அந்த மொழியில் சொல்லுங்கள், எனக்குப் புரிய வேண்டிய அவசியமில்லை என்றார். அபத்தமாக இருந்தது. மெடிசேவ் காசில் ஒரு சீனப் பெண்ணிடம் தமிழில் பேசுவது.

"லிஃப்ட் வரைக்கும் போயிட்டாரு. நான்தான் கேட்டேன், குடை எடுத்தீங்களாப்பான்னு."

இதற்கு மேல் வரவில்லை. இதுவே எட்டு மாதத்தில் முதல் தடவை. ஆங்கிலத்தில் இதைச் சொன்னபோது குடை வெறும் குடையாக இருந்தது. 'எடுத்தீங்களாப்பா' என்று வாயில் வந்ததும் என் குரல் அன்றைக்கு மாதிரியே, அதே எரிச்சலோடு, கேட்டது. அவர் பேசவில்லை, டிஷ்யூ பெட்டியையும் நகர்த்தவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

அந்த வாக்கியத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்ல முடியுமா என்று பாருங்கள், அவசரமில்லை என்றார். வீட்டில் ஒருவர்தான் இருக்கிறார்.

ஆகஸ்ட் 13, புதன்

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

லிஃப்டில் மேல்வீட்டுக்காரர். நான்கு வருஷத்தில் தலையசைப்பதோடு சரி. இன்றைக்கு அவராகவே கேட்டார், ராத்திரியில் கோலிக்குண்டு உருளும் சத்தம் உங்களுக்கும் கேட்கிறதா, எங்கள் மேல்வீட்டிலிருந்து வருகிறது என்று.

அவர் இருப்பது கடைசி மாடி.

அம்மாவிடம் சொன்னேன். தண்ணீர்த் தொட்டி என்றார். பத்து நிமிஷம் கழித்து வந்து, "உங்கப்பாவும் ராத்திரி எந்திரிச்சு இதத்தான் கேட்டுட்டு உக்காந்திருப்பாரு" என்றார். எனக்குத் தெரியாது. அவர் எந்த அறையில் உட்கார்ந்திருப்பார் என்று கேட்டேன். அடுப்படியில், விளக்குப் போடாமல்.

ஆகஸ்ட் 20, புதன்

64ஐத் தாண்டிவிட்டேன். 128இல் தூங்கிவிட்டேன் போல.

ஆகஸ்ட் 21, வியாழன்

நாளை காலை 9.40. விடுப்பு போடவில்லை, எம்.சி.யே கொடுக்கப் போகிறேன். ஹவ்காங்கிலிருந்து புவாங்கோக்குக்கு ரயிலில் ஒரே நிறுத்தம். அந்த நிலையத்தைக் கட்டி முடித்தும் திறக்காமல் வைத்திருந்தபோது யாரோ அட்டையில் வெள்ளை யானைகள் செய்து வைத்தார்கள், 2005இல். அப்பா என்னை அழைத்துப்போய்க் காட்டினார், அவ்வளவு சிரிப்பு அவருக்கு.

அம்மா கூட வருகிறாராம். வேண்டாம் என்றேன். புடவையை எடுத்து மடித்து வைத்துவிட்டார்.

அடையாள அட்டை, கடிதம், மாத்திரை உறை. மழை வரும் போல இருக்கிறது.