தோட்டத்துச் சிற்றாலயத்தில் புனித தோமினிக் சாவியோ

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில், பால்மரங்கள் (ரப்பர்) போய்ச் செம்பனை நிறைந்துவிட்ட ஒரு தோட்டத்தின் பழைய லயத்தை (தொழிலாளர் குடியிருப்பை) ஒட்டிய சிற்றாலயத்திற்கு, சலேசியர் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் நாள்காட்டிப்படி மே 6 அன்று கொண்டாடப்படும் புனித தோமினிக் சாவியோ திருவிழாத் திருப்பலிக்காகச் சென்றிருந்தோம். சாவியோ, அந்தச் சபையை நிறுவிய தொன் போஸ்கோ என்ற குருவிடம் இத்தாலியின் தூரின் நகரில் படித்த சிறுவர். சிற்றாலயத்தில் பீடத்தின் இருபுறமும் அவருடைய மரச் சுரூபங்கள் இரண்டு உள்ளன.

இடப்பக்கத்தில் இருப்பது படங்களில் பார்த்துப் பழகிய தோற்றம்தான். 1849-இல், ஏழு வயதில், முதல் நன்மை (முதன்முறை நற்கருணை) வாங்கிய நாளில் அவர் எழுதிவைத்த 'பாவத்தைவிடச் சாவதே மேல்' என்ற தீர்மானம் கையிலுள்ள தாளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. முகம் அழகாக இருக்கிறது. ஆனால் கொல்லர் வீட்டுப் பிள்ளையின் முகமாக எனக்குத் தோன்றவில்லை.

வலப்பக்கச் சுரூபத்தின் முன்தான் வெகுநேரம் நின்றேன். தூரின் நகரில் பகைகொண்ட இரு மாணவர்கள் கல்லெறிந்து கணக்குத் தீர்க்கப் புறப்பட்டபோது, சாவியோ பாடுபட்ட சுரூபத்தை (இயேசு தொங்கும் சிலுவையை) உயர்த்திப் பிடித்து நடுவில் நின்று, முதல் கல்லைத் தன்மேல் எறியச் சொன்னதாகத் தொன் போஸ்கோ 1859-இல் எழுதிய சாவியோவின் வரலாற்றில் வருகிறது. தோட்டத்து ஆசாரி ஒருவர் அந்த மூன்று சிறுவர்களையும் ஒரே பலாமரத் துண்டில் செதுக்கியிருக்கிறார். பால்மரத்தைப் பூச்சி அரித்துவிடும் என்பதால் பலாவைத் தேர்ந்தாராம். சட்டையில் உளி போன தடங்களை இழைக்காமலே விட்டிருக்கிறார். கல்லை இறுக்கிய ஒருவனின் கையில் சுண்டுவிரல் மட்டும் சற்றே விலகி நிற்கிறது. அவன் மனம் இளகுவதைக் காட்ட அந்த ஒரு விரல் போதுமாக இருந்திருக்கிறது.

இந்தச் சுரூபத்தில் உள்ள சாவியோவின் கழுத்தில்தான் நாடாக்களைக் கட்டுகிறார்கள். 1856 செப்டம்பரில் தாய் பேறுகால ஆபத்தில் இருந்தபோது, சாவியோ தூரினிலிருந்து வீடு சென்று தாயின் கழுத்தில் நாடாவில் கோத்த புனிதத் துணியான உத்தரியம் ஒன்றை அணிவிக்க, தங்கை நலமாகப் பிறந்தாள். கர்ப்பிணிகள் அவரிடம் வேண்டிக்கொள்வது அதனால்தான். அன்றும் ஒரு மாமியார் நாடா ஒன்றை அவிழ்த்து, செபித்துவிட்டு, மருமகளின் கழுத்தில் போட்டார். 1857 மார்ச் 9 அன்று, 15 வயது நிறையுமுன், சாவியோ இறந்தார். 1954-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) அவரைப் புனிதராக அறிவித்தார்.

சப்பரத்தில் ஏற்றியதோ இடப்பக்கச் சுரூபத்தை. காரணத்தை உபதேசியாரிடம் கேட்டேன்.

"வலப்பக்கத்துப் பலாச் சுரூபத்தைத் தூக்க எட்டுப் பேர் வேண்டும், ஐயா. வாலிபர்களெல்லாம் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்."

சக்கரம் பொருத்தினால் என்ன என்றேன். செம்மண் சடக்கின் (சாலையின்) குலுக்கலில் பலா வெடித்துவிடும் என்று சொல்லிவிட்டு, அவர் செபமாலையைத் தொடங்கப் போய்விட்டார்.