நிகழ்ச்சி நிரலில் ஒரு தலைப்பு

இலங்கையின் வடக்கே வன்னியில் உள்ள ஒரு பிரதேச சபையில், மாதாந்தக் கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலைத் தயாரிக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருந்து வருகிறது. பொதுமக்களின் கடிதங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்களின் கோரிக்கைகள், உறுப்பினர்களின் பிரேரணைகள் எல்லாம் முதலில் என் மேசைக்கே வரும். எது சபைக்குப் போக வேண்டும், எது குழுவுக்குப் போக வேண்டும், எதற்குப் பதில் கடிதம் மட்டும் போதும் என்று குறிப்பெழுதிச் செயலாளரிடம் சமர்ப்பிப்பேன். முடிவு தவிசாளருக்கும் சபைக்கும் உரியதுதான் என்றாலும், ஒரு விடயம் பேசப்படுமா, பேசப்படாமலே கோவைக்குள் போய்விடுமா என்பதில் அந்தச் சிறு குறிப்புக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுநாள் சென்றது.

எங்கள் பகுதியில் ஒரு கிராமத்துக்குள்ளேயே பல திணைக்களங்களின் எல்லைகள் வந்து முட்டுகின்றன. ஏ9 நெடுஞ்சாலை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. வேறு சில வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்குரியவை. பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும், காடு வனவளத் திணைக்களத்திடமும் இருக்கின்றன. ஆகவே வருகின்ற கடிதங்களில் கணிசமானவற்றுக்கு, 'இவ்விடயம் எமது சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று' என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட முடியும். நானும் அப்படி எத்தனையோ கடிதங்கள் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பயன்பாட்டுச் சேவைகள், வீதிகள் ஆகியவற்றோடு நின்றுவிடவில்லை. மக்களின் வசதியையும் நலனையும் பேணுவதையும் சபையின் கடமையாகச் சொல்கிறது. அந்தப் பகுதியை நான் கவனமாக வாசித்தது கட்டாக்காலி மாடுகளின் விடயத்துக்குப் பிறகுதான்.

காலபோகம் என்கிற மாரிகால நெற்செய்கை தொடங்கினால் வயல்கள் எல்லாம் விதைப்புக்குப் போய்விடும். மாடுகள் வீதிக்கு வந்துவிடும். இரவில் தார் வீதி சூடாக இருப்பதால் அதன் மேலேயே படுத்துக் கிடக்கும். மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் மோதி விழுவார்கள். ரயிலில் அடிபட்டு இறந்த மாடுகளைத் தண்டவாளக் கரையில் நானே கண்டிருக்கிறேன். மாதந்தோறும் முறைப்பாடு வரும், நானும் 'கட்டாக்காலி மாடுகளைக் கட்டுப்படுத்தல்' என்று தலைப்பிட்டு நிரலில் சேர்ப்பேன். கூட்டத்தில் அது ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடிக்காது. மாடுகளைப் பிடித்து அடைப்பது, உரிமையாளரிடம் தண்டப்பணம் அறவிடுவது, ஒலிபெருக்கியில் அறிவிப்பது என்று முன்மொழிந்து வழிமொழிந்து அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்கள்.

ஒரு நாள், பிடித்து அடைத்த மாடுகளை மீட்க ஒரு முதியவர் அலுவலகத்துக்கு வந்தார். தண்டப்பணத்தைச் சாரத்து மடிப்பிலிருந்து எடுத்து, ஈரமாயிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் மேசையில் வைத்தார். பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தபோது கோபம் ஏதுமில்லாமல் கேட்டார்: "மாட்டைக் கட்டி வையுங்கோ எண்டு கடதாசி அனுப்பிறியள், பிள்ளை. கட்டி வைச்சா அதுக்கு என்னத்தைப் போடுறது? நாங்கள் பட்டி சாய்ச்ச இடமெல்லாம் இப்ப கல்லுப் போட்டு எல்லை கட்டிக் கிடக்குது."

இடப்பெயர்வுக்கு முன்பு அவருடைய பட்டி மேய்ந்த தரவை, அதாவது மேய்ச்சல் வெளி, அவர் திரும்பி வந்தபோது காட்டுக்குரிய நிலமாக எல்லையிடப்பட்டிருந்தது. அதை எழுத்தில் தரும்படி கேட்டேன். மறுவாரம் பேரப்பிள்ளையின் கொப்பித் தாளில் கடிதம் வந்தது. அடியில் அவருடைய கையெழுத்தும், அதன் பக்கத்தில் அவருடைய மாடுகளுக்குச் சுடும் குறியும் வரையப்பட்டிருந்தன. அந்த நிலம் தன்னுடையது என்பதற்கு அவரிடம் இருந்த ஆதாரம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு அதே விடயத்தை 'மேய்ச்சல் தரை இன்மை' என்ற தலைப்பில் நிரலிட்டு, அந்தக் கடிதத்தின் பிரதியையும் இணைத்தேன். கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். வயற்காரர் பக்கம் நின்ற உறுப்பினரும் பட்டிக்காரர் பக்கம் நின்ற உறுப்பினரும் முதற்றடவையாக ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: எந்த நிலம், யாரிடம் இருக்கிறது? நிலம் ஒதுக்குகிற அதிகாரம் சபைக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. ஆனாலும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் முன்வைப்பதற்கும், பிரதேச செயலகத்தோடும் வனவளத் திணைக்களத்தோடும் கூட்டாகக் களத்துக்குச் சென்று பார்ப்பதற்கும் தீர்மானம் எடுத்தார்கள்.

களப்பயணம் ஒரு தடவை நடந்தது, தரவை கிடைக்கவில்லை. 2023 மார்ச்சில் சபையின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த இரண்டு ஆண்டுகளிலும் நிர்வாகம் செயலாளரின் கையில் இருந்தது. வீதிவிளக்கும் குப்பை அகற்றலும் நிற்கவில்லை. ஆனால் ஒரு விடயத்தை எடுத்து வைத்துப் பேசுவதற்கு ஆட்கள் இருக்கவில்லை. வந்த கடிதங்களுக்கு இலக்கமிட்டுக் கோவைப்படுத்தினேன். அந்த வெறுமை எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகு புதிய உறுப்பினர்கள் வந்தார்கள். பழைய தீர்மானங்களைப் பரிசீலிக்கும் கூட்டத்துக்கு அந்தக் கோவையை முதலாவதாக எடுத்து வைத்தேன். "இது மாட்டுப் பிரச்சினைதானே, தண்டப்பணத்தைக் கூட்டினால் சரி" என்றார் ஓர் இளம் உறுப்பினர். தவிசாளரின் அனுமதியோடு கொப்பித் தாளில் எழுதிய அந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். முழுவதும் வாசித்துவிட்டு, அடியில் இருந்த குறியைக் காட்டி, "இது யாருடைய பட்டி?" என்று கேட்டார்.