மணலுக்கு மேலே சட்டை உரித்த நண்டு

சங்குக்கு வெளியே கால்களும் கொடுக்கும் விறைத்துக் கிடந்தன. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் எங்கள் வளர்ப்புத் துறவி நண்டு செத்துவிட்டது என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள்.

குனிந்து பார்த்தேன். அழுகல் நாற்றம் இல்லை. கால்கள் உள்ளே வெறும் கூடு. உணர்கொம்பு, கண்காம்பு, அதன் நுனியில் கண்ணை மூடியிருந்த மெல்லிய உறை வரை ஒன்று விடாமல் கழற்றிப் போட்டிருக்கிறது.

ஆசாமி சங்குக்குள் வெளிறிப்போய்ச் சுருண்டிருந்தார்.

நிலத்தில் வாழும் துறவி நண்டு ஈர மணலுக்குள் புதைந்துதான் சட்டை உரிக்கும். மேலேயே உரித்தால் பெரும்பாலும் மணலின் ஆழமோ ஈரமோ போதவில்லை என்று பொருள். குறைந்தது 15 செ.மீ. ஆழம் வேண்டும், பெரிய நண்டுக்கு இன்னும் அதிகம். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். தொட்டியோடு சேர்த்து விற்கிறார்களே இரண்டு விரற்கடை மணல், அது அழகுக்குத்தான்!

உரித்த கூட்டை எடுத்து எறியக் கூடாது. அதைத் தின்றுதான் புது ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்தை மீட்டுக்கொள்ளும். உடம்பு மெத்தென்றிருக்கும்போது மற்ற நண்டுகள் அந்த நண்டையே தின்றுவிடக்கூடும். அதனால் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் இரு முனைகளையும் வெட்டி, சுற்றிலும் வேலியாக ஊன்றியிருக்கிறேன்.

மற்றபடி தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். மணலுக்குள் போனவை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வராது. கவலையில் தோண்டிப் பார்த்தே கொன்றவர்கள் உண்டு. அக்கறை என்ற பெயரில் நாம் செய்யும் பலவும் நம் பதற்றத்துக்கான மருந்துதான்.

"குச்சியால் லேசாகத் தொட்டுப் பார்க்கலாமே" என்கிறார் வீட்டில் ஒருவர். குச்சியை ஒளித்துவைத்துவிட்டேன்.