பீதர் கோட்டை மண்ணு

போன மாசம் ஹைதராபாத்ல ஒரு கல்யாணம், முடிஞ்சப்புறம் ஒரு நாள் கையில மிச்சம் இருந்துச்சு, திரும்பவும் சார்மினார் வளையல் கடையா சுத்த வேணாம்னு விடியக்காலைலயே பீதருக்கு பஸ் ஏறிட்டோம். கர்நாடகாதான், ஆனா அங்கேந்து 140 கிலோமீட்டர் சுமாருக்குதான் வரும்.

கோட்டை ரொம்ப பெருசு. பாமினி சுல்தான் அகமது ஷா குல்பர்காவுலேந்து தலைநகர இங்க மாத்தினப்போ, 1430 வாக்குல எழுப்பினது. செக்கச்செவேல்னு செம்புராங்கல், சுத்தி பாறையவே குடைஞ்சு எடுத்த அகழி, அதுவும் ஒரு பக்கம் மூணு வரிசை. வெயில்ல மண்டை காஞ்சுபோச்சு. உள்ள இருக்குற ரங்கீன் மஹால் அரண்மனை பூட்டிக் கெடந்துச்சு, அங்க நின்ன ஒருத்தர கேட்டதும் சாவியோட வந்தார், கேக்காம திரும்பியிருந்தா அவ்ளோதான்! கன்னங்கரேல்னு கல்லு, அதுல முத்துச்சிப்பிய கொடி கொடியா பதிச்சிருக்காங்க, டார்ச் அடிச்சா மினுக்குது.

மத்தியானம் ஊருக்குள்ள ஒரு பித்ரி பட்டறை, உலோகத்துல வெள்ளி பதிக்கிற வேலை. துத்தநாகத்துல கொஞ்சூண்டு செம்பு சேத்து வார்த்த சொம்பு, அதுமேல மயில்துத்தத் தண்ணிய தடவினா கறுக்குது, அந்தக் கறுப்புல ஸ்கேல் ஸ்டென்சில் எதுவும் இல்லாம கைபோக்குல பூ கீறி, உளியால வெட்டி, அந்த வெட்டுல வெள்ளிக் கம்பிய வச்சு தட்டிக்கிட்டே இருக்கார் பட்டறைக்கார பாய். அப்புறம் தேய்ச்சதும் கறுப்பு போயி எல்லாம் ஒரே சாம்பல், வெள்ளி எங்க இருக்குன்னே தெரியல, இதுக்கா இவ்ளோ பாடுன்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் விஷயமே. கோட்டையில பல நூறு வருஷமா வெயில் மழை படாத மூலைலேந்து எடுத்த மண்ணாம், நாக்குல வச்சு பாத்துதான் எடுப்பாங்களாம். என் வீட்டுக்காரரும் ஒரு சிட்டிகை வச்சுட்டு மூஞ்சிய சுளிச்சார். அந்த மண்ணோட நவச்சாரம் கலந்து கொதிக்கவச்ச தண்ணில சொம்ப முக்கி எடுத்தா, துத்தநாகம் மட்டும் மை மாதிரி கறுத்துடுது, வெள்ளி அப்டியே பளிச்சுன்னு நிக்குது. காலைல ரங்கீன் மஹால்ல பாத்த அதே கறுப்பு வெள்ளை!

இந்த மண்ணத்தான் பட்டறை வாசல்ல செருப்புலேந்து தட்டி விட்டுட்டு உள்ள வந்தோம்.

ஒரு குங்குமச்சிமிழ் வாங்கிட்டு, கறுப்பு மங்கினா தேய்க்க கொஞ்சம் மண்ணும் குடுங்க பாய்னேன். சிரிச்சுட்டு, தேங்காண்ணெய் தடவினா போதும்மான்னுட்டார்.