நாய், பூனை, பென்ஷன்: இந்த மூணையும் வச்சுக்கிட்டு வீடு தேடின கதை

ரிட்டயர் ஆனப்புறம் வாடகைக்கு வீடு தேடுறதே பெரும்பாடு, அதுலயும் தனியா இருக்கிற பொம்பளை, கூட 22 கிலோல ஒரு நாய், அது போதாதுன்னு ஒரு பூனைன்னா கேக்கவே வேணாம். இதே நிலைமைல இருக்கிறவங்களுக்கு உதவுமேன்னு நான் பட்டதை அப்படியே எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல காசு விஷயம். வருமானத்துல 30 சதவீதத்துக்கு மேல வாடகைக்குப் போகக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க இல்லையா, அது சம்பளம் வாங்குறவங்களுக்கு சரி. பென்ஷன்ல இருக்கிறவங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராதுன்னு நான் நினைக்கிறேன். வருமானம் அங்கேயே நிக்கும், மருந்து செலவு மட்டும் ஏறிக்கிட்டே போகும். என் நாய்க்கும் 9 வயசு, அதுவும் சீனியர் சிட்டிசன்தான், அதுக்கும் மூட்டு வலி, பல்லு பிரச்சினைன்னு டாக்டர் செலவு இனிமேதான் ஆரம்பிக்குது. அதனால நான் கணக்கைத் தலைகீழா போட்டேன். என் மருந்து, சாப்பாடு, கரண்ட், ரெண்டு ஜீவனோட தீனி, தடுப்பூசி, அவசரத்துக்குன்னு மாசாமாசம் எடுத்து வைக்கிற ஒரு தொகை, இதெல்லாம் கழிச்சது போக மிச்சம் எவ்வளவோ அதுதான் வாடகை, மெயின்டனன்ஸும் அதுக்குள்ளதான். வந்த நம்பரைப் பார்த்தா அழுகைதான் வந்துச்சு, ஆனா அந்த நம்பர் கைல இருந்ததால பாதி வீடுகளைப் போய்ப் பார்க்காமலே தள்ள முடிஞ்சது.

இன்னொண்ணு, இன்னைக்கு வாடகை என்னன்னு பார்த்தா மட்டும் பத்தாது, எப்படி ஏறும்னு பார்க்கணும். வருஷத்துக்கு 10 சதவீதம் ஏத்தினா 8 வருஷத்துக்குள்ள வாடகை ரெண்டு மடங்கு ஆயிடும், 5 சதவீதம்னா அதுக்கு 15 வருஷம் ஆகும். எனக்கு 61 வயசு. 69 வயசுல ரெண்டு மடங்கு வாடகை கட்டுறதா, 76 வயசுலயாங்கிறது சின்ன விஷயம் இல்ல. அதனால வாடகையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிக்கிறதை விட வருஷாவருஷம் ஏத்துறதைக் குறைச்சுக் கேக்குறதுதான் நமக்கு லாபம், ஓனர்களும் அதுக்குத்தான் சட்டுனு ஒத்துக்கிறாங்க, ஏன்னா கைக்கு வர்ற காசு இப்போதைக்குக் குறையல பாருங்க.

இனி நாய் பூனை. "பெட் ஃப்ரெண்ட்லி"ன்னு, அதாவது வளர்ப்புப் பிராணிக்கு அனுமதி உண்டுன்னு, விளம்பரத்துல போட்டிருந்தா சந்தோஷப்பட்டு ஓடாதீங்க. ஒரு இடத்துல அதுக்கு அர்த்தம் பூனை மட்டும், இன்னொரு இடத்துல 10 கிலோவுக்குள்ள நாய், வேற ஒரு இடத்துல எது வேணா வச்சுக்கோ ஆனா மாசாமாசம் பெட்டுக்குன்னு தனி வாடகை, கூடவே திரும்பி வராத ஒரு ஃபீஸ். டெபாசிட் வேற ஃபீஸ் வேற, டெபாசிட்னா சேதாரம் இல்லேன்னா கைக்கு வரும், ஃபீஸ்னா போனது போனதுதான், இதை வாயைத் திறந்து கேக்கணும். எடைக் கட்டுப்பாடுங்கிறதும் எனக்குப் புரியாத விஷயம். பந்தயத்துக்குன்னே வளர்த்த கிரேஹவுண்ட் வீட்டுக்குள்ள பாதி நாளுக்கு மேல தூங்கியே கழிக்கும், மடில உக்கார்ற சைஸ் நாய் காலிங் பெல் அடிச்சா தெருவையே கூட்டும். ரூல் போடுறவங்க நாய் வளர்த்ததே இல்ல போல.

ரிட்டயர்மென்ட் ஹோம் ஒண்ணையும் போய்ப் பார்த்தேன். இடம் நல்லாத்தான் இருந்துச்சு, கைப்பிடி வச்ச பாத்ரூம், ராத்திரில நர்ஸ். பெட்டுக்கும் அனுமதி உண்டுன்னாங்க, ஆனா படிவத்தோட பின்பக்கம் பார்த்தா ஒரே ஒரு பெட்தான், இப்ப இருக்கிறது போயிட்டா அடுத்தது சேர்க்கக் கூடாது, அதை வளர்க்கிறவங்க ஆஸ்பத்திரில சேர்ந்தா 24 மணி நேரத்துக்குள்ள யாராவது வந்து அதைக் கூட்டிட்டுப் போகணும். நுழைவுத் தொகையும் என் சேமிப்புல பெரும்பகுதியை முழுங்கிடும். நாயா பூனையான்னு முடிவு பண்ற வேலை எனக்கு வேண்டாம்னு வந்துட்டேன். ஆனா அந்த ஆஸ்பத்திரி கேள்வி மட்டும் மண்டைல நின்னுச்சு, அது நியாயமான கேள்விதானே.

மாடி வீடு, அதுவும் மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கிறது, வாடகை நல்லா குறைவாக் கிடைக்கும். ஆசைப்படாதீங்க. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிச்சுக்கும், பாதத்துல மட்டும் லேசா வேர்க்கும். பகல் முழுக்க ஏசி ஓட வேண்டியிருந்தா வாடகைல மிச்சம் பிடிச்சது கரண்ட் பில்லுல போயிடும். படிக்கட்டும் வேற இருக்கு. லிஃப்ட் இருக்கேன்னு நினைக்கலாம், பல அசோசியேஷன்ல நாயை லிஃப்ட்ல ஏத்த விட மாட்டாங்க. எனக்கும் முட்டி சரியில்ல அதுக்கும் சரியில்ல, அதனால தரை தளம், நடந்து போற தூரத்துல ஒரு வெட், அதாவது கால்நடை டாக்டர், இந்த ரெண்டுலயும் நான் இறங்கி வரவே இல்ல. கார் இல்லாதவங்களுக்கு அந்த ரெண்டாவது ரொம்ப முக்கியம், உடம்பு சரியில்லாத நாயை ஏத்திக்கிற டாக்ஸி கிடைக்கிறது அதிர்ஷ்டம்.

எங்கே விட்டுக் கொடுத்தேன்னா, ஊர் நடுவுல வேணும்ங்கிறதை, புது பில்டிங் வேணும்ங்கிறதை, ரெண்டாவது ரூமை. கம்பெனி நடத்துற பெரிய குடியிருப்புகளை விட ஓனரே மேல இருந்துக்கிட்டு கீழ் போர்ஷனை விடுற பழைய வீடுகள்லதான் பேச்சுக்கு இடம் இருக்கு, ஏன்னா அங்கே ரூல் புக் கிடையாது, ஒரு மனுஷன் இருக்கார், அவருக்கு ஒரு பயம் இருக்கு, அது என்னன்னு தெரிஞ்சா பேசலாம்.

என் தம்பி இருக்கானே, அவன் ஆரம்பத்துலேர்ந்தே "அக்கா, நாயை யார்கிட்டயாவது குடுத்துட்டு நிம்மதியா ஒரு வீட்டைப் பாரு, இல்லையா, சொல்லாம குடி போ, அப்புறம் பார்த்துக்கலாம்"னு ஒரே பாட்டு. முதலாவது நடக்காது, ரெண்டாவது அதை விட ஆபத்து. மறைச்சுக் குடிபோய் மாட்டினா அக்ரிமென்ட்டை மீறினதா ஆகும், நம்ம வயசுல நோட்டீஸைக் கைல வச்சுக்கிட்டு மறுபடி அலைய முடியுமா? அதனால ஃபோன்ல முதல் வாக்கியத்துலயே சொல்லிடுவேன், "சார், எனக்கு ஒரு நாய் ஒரு பூனை இருக்கு"ன்னு. பாதி பேர் அங்கேயே வச்சிடுவாங்க. வைக்கட்டும், எனக்கு நடை மிச்சம்.

வைக்காதவங்ககிட்ட ஒரே கேள்விதான், "உங்களுக்கு எது பயம்?" இப்ப இருக்கிற வீட்டு ஓனர், வயசானவர், கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "பூனை நாத்தம்மா. முன்னாடி இருந்தவங்க போனப்புறம் தரையையே பேத்து மாத்தினேன்"ன்னார். நாயைப் பத்திப் பேசவே இல்ல! பூனை மூத்திரத்துல இருக்கிற யூரிக் ஆசிட் படிகம் தண்ணில கரையாது, கழுவினா போன மாதிரி இருக்கும், மழைக்காலத்துல ஈரம் பட்டா மறுபடி கிளம்பும், அதுக்கு என்ஸைம் கிளீனர்தான் போடணும், அமோனியா கலந்ததைப் போட்டா அந்த வாசனைக்கே பூனை திரும்ப அங்க போகலாம், இதெல்லாம் நான் சொல்ல மனுஷன் நோட்டு எடுத்து எழுதிக்கிட்டார். அப்புறம் "என் வீட்டுக்கு வந்து பாருங்க சார், அப்புறம் முடிவு பண்ணுங்க"ன்னேன்.

வந்தார். என்கிட்ட பேசுறதுக்கு முன்னாடி கதவோட கீழ்ப்பக்கத்தைக் குனிஞ்சு விரலால தடவிப் பார்த்தார், கீறல் இருக்கான்னு. சோஃபாவுக்குப் பின்னாடி போய் மூச்சை இழுத்துப் பார்த்தார். பூனையோட மண் தட்டு எங்கேன்னு கேட்டு அதையும் பார்த்தார். நாய் ஒரு கண்ணைத் திறந்துச்சு, மறுபடி மூடிக்கிச்சு. "குரைக்காதா?"ன்னார். அப்பதான் என் துருப்புச் சீட்டை எடுத்தேன். சார், நாள் முழுக்கக் குரைக்கிறது பெரும்பாலும் தனியா பூட்டிட்டுப் போற நாய்ங்கதான், நான் ரிட்டயர்ட், நாள் முழுக்க வீட்லதான் இருப்பேன். வேலைக்குப் போறவங்களால இதைச் சொல்ல முடியாது. வயசைக் காட்டி நம்மளத் தட்டிக்கழிக்கிறாங்கல்ல, அதே வயசை இந்த இடத்துல நாம நம்ம பக்கம் திருப்பிக்கலாம், கூச்சப்படாம சொல்லுங்க.

கூட ஒரு ஃபைல் குடுத்தேன். ரேபிஸ் தடுப்பூசி அட்டை, கருத்தடை ஆன பேப்பர், பழைய ஓனர்கிட்ட வாங்கின ஒரு லெட்டர், வெட் பேரு நம்பர். அதுல கடைசிப் பக்கம், நான் ஆஸ்பத்திரில படுத்தா ரெண்டையும் யார் வந்து எடுத்துக்குவாங்கங்கிறது. கையெழுத்துப் போட்டது யாருன்னு நினைக்கிறீங்க, என் தம்பிதான். முனகிக்கிட்டே போட்டான்.

வாயால "சரிம்மா, வச்சுக்கோங்க"ன்னு சொன்னதோட விட்டுடாதீங்க, ஓனர் நல்லவர்தான், நாளைக்கு அவர் பையன் வந்து நின்னா? அக்ரிமென்ட்ல நாய் ஒண்ணு பூனை ஒண்ணுன்னு பேரோட எழுதினோம். வருஷத்துக்கு 5 சதவீதம்னு எழுதினோம். கூடுதலா ஒரு மாச வாடகை டெபாசிட், திரும்ப வர்றதுதான்னு எழுதினோம். சாவி வாங்கின அன்னைக்கே கதவு, ஜன்னல் விளிம்பு, தரை எல்லாத்தையும் அவரைப் பக்கத்துல நிக்க வச்சு ஃபோட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிட்டேன்.

குடிபோனப்புறம் பூனையை முதல்ல ஒரே ரூமுக்குள்ள வச்சேன், தட்டு, தண்ணி, பழைய போர்வை எல்லாம் அங்கேயே. அதுக்குப் பழகின இடம் ரொம்ப முக்கியம், புது வீடு பழக்கம் ஆகுறதுக்குள்ள வெளிய விட்டா பழைய வீட்டைத் தேடிப் போயிடலாம். மைக்ரோசிப் (தோலுக்கு அடில வைக்கிற, அடையாள நம்பர் மட்டும் உள்ள சின்ன சிப்) போட்டிருந்தா, அந்த நம்பருக்குப் பதிவு பண்ணின இடத்துல இருக்கிற அட்ரஸையும் ஃபோன் நம்பரையும் மாத்திடுங்க, இது நிறைய பேருக்கு மறந்து போகுது.

கையெழுத்துக்கு முன்னாடி நான் கேட்ட கடைசி விஷயம், இந்த நாய் போயிட்டா இன்னொண்ணு வச்சுக்கலாமான்னு. ஓனர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், அப்புறம் பேனாவை வாங்கி "இதே அளவு, முன்கூட்டியே சொல்லிவிட்டு"ன்னு அவர் கையாலயே ஓரத்துல எழுதி, ரெண்டு பேரும் அதுக்குப் பக்கத்துல தனியா கையெழுத்து போட்டோம்.