ஜெர்மனியின் நவம்பர் 9

ஒரே தேதிக்குள் இவ்வளவு வரலாறா என்று ஒவ்வொரு முறையும் மலைத்துப் போகிறேன். 1918-ல் குடியரசு பிறந்தது. 1923-ல் மியூனிக்கில் ஹிட்லரின் கலகம் தோற்றது. 1938-ல் யூதர்களின் வழிபாட்டுக்கூடங்கள் எரிந்தன; சுமார் 30,000 ஆண்களை வதைமுகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். இதை மட்டும் சட்டென்று கடந்து போக முடிவதில்லை.

அப்புறம் 1989. கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கியிடம், மக்கள் மேற்கே போக அனுமதிக்கும் புதிய பயண விதி எப்போது அமலுக்கு வரும் என்று செய்தியாளர்கள் கேட்கிறார்கள். கையிலிருந்த தாள்களைப் புரட்டிவிட்டு, ‘உடனடியாக’ என்கிறார். மறுநாள் அறிவிக்க வேண்டிய விதி அது! கிழக்கு பெர்லின் மக்கள் பெர்லின் சுவரின் எல்லை வாயில்களுக்குத் திரண்டுவிட்டார்கள். இரவு 11.30 வாக்கில் போர்ன்ஹோல்மர் தெருவில் காவலர்கள் தடுப்பைத் திறந்தேவிட்டார்கள்.

ஆனாலும் ஒற்றுமை நாளாக, 1990-ல் இரு ஜெர்மனிகளும் இணைந்த அக்டோபர் 3-ஐத்தான் கொண்டாடுகிறார்கள். 1938-ஐ நினைத்தால் அதுதான் சரி.