பாட் ரேட் கால்குலேட்டரில் நான் பார்க்காமல் விட்ட கட்டம்

இறுதியாண்டு ப்ராஜெக்ட்டில் ஏடிமெகா328பி என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப்பை சீரியல் (பிட் பிட்டாக அனுப்பும் இணைப்பு) வழியாகக் கணினியோடு இணைத்தபோது திரையில் வந்ததெல்லாம் குப்பை எழுத்துகள். சிப்புக்குக் கிளாக் துடிப்பு தருவது 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், பாட் ரேட் (நொடிக்கு எத்தனை பிட் என்ற வேகம்) 115200. இலவச கால்குலேட்டர் ஒன்றில் இரண்டையும் கொடுத்து, அது காட்டிய 8-ஐ சிப்பில் இந்த வேகத்தை அமைக்கும் ரிஜிஸ்டரில் போட்டிருந்தேன். வயரை மாற்றி, ப்ரோக்ராமை மாற்றி இரண்டு நாள் போய்விட்டது.

காரணம் விடைக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே இருந்தது: பிழை -3.5%. கையால் போட்டுப் பாருங்கள். 1,60,00,000-ஐ 16 × 115200-ஆல் வகுத்து 1 கழித்தால் 7.68. ரிஜிஸ்டரில் முழு எண்தான் போடமுடியும். 8 போட்டால் உண்மையான வேகம் 111111 தான். ஒரு எழுத்துக்குப் பத்து பிட் போகிறது. கடைசியில் வரும் ஸ்டாப் பிட்டின் நடுவுக்கு வருவதற்குள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பிட் தள்ளிப்போயிருக்கும். மறுமுனையின் பிழையும் சேர்ந்தால் தாங்காது. 16-க்குப் பதில் 8-ஆல் வகுக்கும் இரட்டை வேக மோடில் ரிஜிஸ்டரில் 16 போட்டால் பிழை 2.1%. 14.7456 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்றால் பூஜ்யம்; இப்படி ஒரு விநோத எண்ணில் கிரிஸ்டல் ஏன் விற்கிறார்கள் என்பது அன்றுதான் புரிந்தது. உள்ளே சர்க்யூட்டை நாமே அமைக்கும் சிப்பான எஃப்பிஜிஏ-வில் 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, 434-ஆல் வகுத்தால் போதும்.

அப்புறம் சிஆர்சி, அதாவது தரவு வழியில் கெட்டுவிட்டதா என்று பார்க்க அதோடு அனுப்பும் சோதனை எண். அதைக் கணக்கிட வெரிலாக்கில் (சர்க்யூட்டை விவரிக்கும் மொழி) நீங்கள் எழுதிய மாட்யூலைச் சோதிக்க 123456789 என்ற ஒன்பது எழுத்துகளைக் கொடுங்கள். மாட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) வகைக்கு ஹெக்ஸில், அதாவது பதினாறடிமான எண்ணில், 4பி37 வரவேண்டும். இணையத்து சிஆர்சி கால்குலேட்டரிலும் அதே எண் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் கொடுத்ததை எழுத்தாக எடுக்காமல் ஹெக்ஸாக எடுத்திருக்கலாம். கால்குலேட்டர் சரி, மாட்யூல்தான் தப்பு என்றால் தொடக்க மதிப்பையும் பிட் வரிசையையும் பாருங்கள். என் அனுபவத்தில் சிஆர்சி கணக்கின் வகுஎண்ணான பாலினாமியலில் தவறு வந்தது குறைவு.

லேப் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒன்று. லாஜிக் சமன்பாட்டைக் கட்டங்களில் போட்டுச் சுருக்கும் கார்னாட் மேப்புக்கான சால்வரை விடை பார்க்க மட்டும் திறங்கள், முதலில் தாளில் நீங்களே வட்டம் போட்டு விடை எடுத்துவிடுங்கள். சால்வர் காட்டுவது வேறாக இருந்தால் உடனே உங்கள் விடையை அடிக்காதீர்கள். ஒரே மேப்புக்கு சம அளவில் சுருங்கிய இரண்டு விடைகள் இருக்கலாம். இரண்டின் ட்ரூத் டேபிளையும் (ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் என்ன வெளியீடு என்ற பட்டியல்) எழுதி, டோன்ட் கேர் (வெளியீடு எதுவானாலும் பரவாயில்லை) வரிசைகளை விட்டுவிட்டு, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பொருந்தினால் உங்களுடையதையே எழுதலாம்.